மரியாதை தெரிந்த பூட்டு

கதவு திறக்கவில்லை.

சமரசம் ஓர் அடி பின்னால் போய், மறுபடியும் முன்னால் வந்து பார்த்தார். பூட்டின் பச்சை விளக்கு எரியவில்லை. சட்டைப் பையிலிருந்த சாவிப் பொத்தானை எடுத்து அதன் மூக்குக்கு நேராக நீட்டினார். அதற்கும் அசையவில்லை. தோளில் கனத்த பையை வலது பக்கம் மாற்றிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தார்.

படியேறி வந்த எதிர்வீட்டுப் பல் டாக்டர், "என்ன சார், உடற்பயிற்சியா?" என்றார்.

"இல்ல டாக்டர், கதவு."

"ஓ" என்று டாக்டர் தம் வீட்டுக் கதவைச் சாதாரணச் சாவியால் திறந்துகொண்டு உள்ளே போனார். அந்தச் சாவி திரும்பிய 'க்ளிக்' சத்தம் சமரசத்துக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அழைப்பு மணியை அழுத்தினார்.

மனைவி வந்து திறந்தாள். "சாவியே வேண்டாம், பக்கத்துல வந்தாலே திறக்கும்னீங்களே?"

"திறக்கும்."

"ஆமா, நான் பக்கத்துல வந்தேன், திறந்துச்சு."

அவள் பையை வாங்கி, வாசலை ஒட்டிய அறையின் சுவரோரம் கிடந்த மேசையில் வைத்தாள். "இதைக் கொஞ்சம் காலி பண்ணுங்களேன், கல்லு மாதிரி கனக்குது." அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே முழுதாகத் தெரியாது. குடை, பழைய சார்ஜர், வயர் சுருள்கள், சரிசெய்து தருகிறேன் என்று யார் யாரிடமோ வாங்கிப் போட்டு மறந்துபோன சாமான்கள் எல்லாம் அதில் குடியிருந்தன.

சமரசம் என்பது அவர் பெயரில்லை, அலுவலகத்தில் வைத்த பட்டம். அல்ட்ரா வைட்பேண்ட் என்று ஒரு வகைக் கம்பியில்லாக் கருவிகள் உண்டு. வானொலி நிலையம் மாதிரி ஒரே இடத்தில் நின்று உரக்கப் பேசாமல், பரந்த அலைவரிசை முழுவதிலும் மெல்லிய குரலில், கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் துடிப்புகளாகப் பேசுபவை. அனுப்பிய துடிப்புக்குப் பதில் வர எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்தே, எதிரில் இருப்பது எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். வீட்டுப் பூட்டு, கார் சாவி, அறையில் இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கும் கருவி எல்லாம் இதில் வந்துவிட்டன. ஒன்றிரண்டு இருந்தால் வம்பில்லை. ஒரே அலைவரிசையில் ஆளாளுக்கு வாயைத் திறந்தால் யார் பேசுவதும் யாருக்கும் புரியாது. அவற்றுக்குள் யார் எந்தத் தடத்தில் போவது, யார் எப்போது பேசுவது, யார் ஒதுங்கி நிற்பது என்று வழி பண்ணிக் கொடுப்பதுதான் இவர் வேலை.

அவருடைய ஆய்வகத்தில் 'சந்தை' என்று ஒரு பெட்டி இருக்கிறது. சாப்பாட்டு டப்பா அளவுதான். நாற்பது வீட்டுக் கருவிகள் ஒரே சமயத்தில் பேசினால் எப்படி இருக்குமோ, அந்த இரைச்சலை ஒற்றையாளாக உண்டாக்கும். காதுக்கு எதுவும் கேட்காது, விளக்கும் எரியாது. அணைத்துவிட்டுப் போட்டால் நிதானத்துக்கு வர அரை நாளாகும் என்பதால் அதை அணைப்பதே இல்லை. பேட்டரியிலேயே வாரக்கணக்கில் ஓடும். வெளி அலை எதுவும் நுழையாத இரும்புச் சுவர் அறைக்குள், இந்தச் சந்தைக்கு நடுவில் பேசிப் பிழைத்துக் காட்டுகிற கருவிதான் தேறும். பெட்டியை வடிவமைத்தவர் சமரசமேதான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் திங்கட்கிழமை சாயங்காலம் சொந்த வீட்டுப் பூட்டு வாசலில் நிறுத்திவைத்தது.

"பக்கத்துல வேற ஏதோ கருவி பேசுது. பூட்டை அடுத்த தடத்துக்கு மாத்திட்டாப் போதும்" என்று காபியைக் குடித்துக்கொண்டே மாற்றினார்.

சற்று நேரத்தில் மனைவியின் போன் அலறியது. திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: 'அப்பா அறையில் மூச்சு அசைவு இல்லை.'

அவள் ஈரக் கையோடு வாசலை ஒட்டிய அந்த அறைக்கு ஓடினாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! மூச்சு விடுறீங்களா?"

"காலையிலேருந்து அதைத்தாம்மா பண்ணிட்டிருக்கேன்."

மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் மைக்கில் பேசிய தொண்டை, வீட்டுக்குள் அடங்கவில்லை. குளிக்கப் போவதையும் காபி ஆறுவதையும்கூட அறிவித்துவிட்டுத்தான் மறுவேலை. மாமியார் போன பிறகு தனியாக இருந்தவர், ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து வெகுநேரம் எழ முடியாமல் கிடந்தார். அதற்கப்புறம் மகள் மாதக்கணக்கில் கெஞ்சி, போன மாதம்தான் கூட்டி வந்திருந்தாள். அவர் அறைச் சுவரில் மூச்சு பார்க்கும் கருவியை மாட்டியவர் மாப்பிள்ளை.

"ஒத்துவரலைன்னா கிளம்பிடுவேன்" என்பது வரும்போதே அவர் போட்ட நிபந்தனை. அவர் போய்விடக் கூடாது என்பதே மகளுக்கு இப்போது எல்லாம். சமரசத்துக்கும் அப்படித்தான். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தவர் அவர். வீட்டுக்குள் ஒரு பெரிய குரல் கேட்டுக்கொண்டே இருப்பது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

"ஒண்ணுமில்ல மாமா. பூட்டைத் தடம் மாத்தினேன். அது உங்க கருவி போற தடம் போலிருக்கு."

"ஒரே தடத்துல ரெண்டு வண்டி விட்டா எங்க ரயில்வேயில வேலை போயிடும் மாப்பிள்ளை" என்று மாமனார் பேப்பருக்குத் திரும்பினார்.

சாப்பாட்டு வேளையில் போன் மறுபடி அலறியது. அன்றிரவு கருவியின் வாயை அடைத்துவிட்டுத்தான் தூங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை சமரசம் இரண்டுக்கும் முறை வைத்தார். ஒரு நொடி பூட்டு பேசட்டும், மறு நொடி மூச்சுக் கருவி பேசட்டும். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் மனைவிக்குப் போன் போட்டார்.

"எப்படி இருக்கு?"

"எல்லாம் அருமையா இருக்குங்க. கதவு நான் கிட்ட வந்ததுமே திறக்குது. அப்பா நல்லா மூச்சு விடுறாராம், போன் சொல்லுது."

சாயங்காலம் அவர் வந்து நின்றபோது கதவு திறக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் போன் கணக்கில் மாமனார் இரண்டாவது நாளாக மூச்சை நிறுத்திவிட்டார்.

"பகல்ல நல்லாத்தானே இருந்துச்சு!" என்றாள் மனைவி.

சமரசத்துக்குப் பளிச்சென்று விளங்கியது. "அதான் விஷயம்! பகல்ல கட்டடத்துல ஆள் இல்ல. சாயங்காலம் எல்லாரும் அவங்கவங்க கருவியோட வீட்டுக்கு வந்துடுறாங்க. அந்த நெரிசல்ல நம்ம பூட்டுக்குப் பேச இடமில்ல."

"அதுக்கு?"

"முதல்ல காது கொடுத்துக் கேட்டுட்டு, யாரும் பேசலைன்னா மட்டும் பேசணும்னு பூட்டுக்குச் சொல்லிக் கொடுத்துடறேன். ரொம்ப நாகரிகமான முறை."

புதன்கிழமை அலுவலகத்திலிருந்து நல்ல செய்தியோடு கிளம்பினார். இரண்டு வருஷமாக ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிக் கருவிகளை, அன்று இளைய பொறியாளர்கள் ஒன்றாகச் சோதனை அறையில் வைத்து ஓட்டியிருந்தார்கள். ஒரு தடுமாற்றம் இல்லை. எத்தனை தரம் ஓட்டினாலும் சுத்தமாகத் தேறின. இரண்டு வருஷத்து உழைப்பு! வழியில் கடைத்தெருவில் மனைவியைச் சந்தித்து, அந்த மகிழ்ச்சியில் ஒரு பெரிய டப்பா ஐஸ்கிரீமும் வாங்கினார்.

வாசலுக்கு இருவரும் வந்தார்கள். பூட்டு பேசாமல் இருந்தது.

"என்ன பண்ணுது?" என்றாள் மனைவி.

"கேட்டுட்டிருக்கு. யாரோ பேசுறாங்க. குறுக்கே பேசக் கூடாதுன்னு காத்திருக்கு."

"எவ்வளவு நேரம் காத்திருக்கும்?"

"அமைதி வர்ற வரைக்கும்."

"வரலைன்னா?"

சமரசம் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச பூட்டுதான். வீட்டுக்காரங்கள உள்ள விடாத அளவுக்கு மரியாதை" என்று மனைவி அழைப்பு மணியை அழுத்தினாள். பதில் இல்லை. ஐஸ்கிரீம் டப்பாவின் மூலையிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சாவி வீட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அலறியது. 'அப்பா அறையில் மூச்சு அசைவு இல்லை.'

"இது சும்மாதாம்மா, பயப்படாதே" என்றார் சமரசம்.

"மணி அடிச்சும் வரலையே!" அவள் குரல் உடைந்துவிட்டது. "குளியலறையில விழுந்து கிடந்தப்பவும் இப்படித்தான் போன் எடுக்கல."

அதைக் கேட்டதும் சமரசத்துக்கும் பயம் வந்துவிட்டது. "மாமா! மாமா!" என்று கதவைத் தட்டினார். சத்தம் கேட்டுப் பல் டாக்டர் வந்தார். மேல்வீட்டுப் பாட்டு டீச்சர் வந்தார். "தள்ளுங்க" என்று டாக்டர் நாலடி பின்னால் போய், தோளைக் கொடுத்து ஓடிவந்தார்.

அதே நொடியில் மாமனார் உள்ளிருந்து கதவைத் திறந்தார். டாக்டர் யாரும் தடுக்காமல் ஹால் வரைக்கும் போய், சோபாவைத் தாண்டி விழுந்தார்.

மாமனார் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். "கொஞ்சம் கண்ணசந்தேன். இவர் ஏன் இவ்வளவு வேகமா வந்தார்?"

மகள் அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். மாமனாருக்கு அது தாங்கவில்லை. ஐஸ்கிரீம் தண்ணீரையும், டாக்டர் தோளைத் தேய்ப்பதையும், மாப்பிள்ளையின் முகத்தையும் பார்த்தார். பிறகு பழைய வேலைக் குரலில் சொன்னார்.

"கவனிக்கவும். இந்த வாரத்துல மூணு நாள் போய்ச் சேர்ந்துட்டேன். நாலாவது நாளும் என் பொண்ணை அழவைக்கிற உத்தேசம் எனக்கில்ல. சனிக்கிழமை காலையில சின்னப் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பறேன். அங்க எந்தச் சுவரும் என் மூச்சை எண்ணாது."

அன்றிரவு மனைவி சமரசத்திடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அப்பா போயிட்டார்னா நான் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. ஒண்ணுமே சொல்ல மாட்டேன்."

கல்யாணமான நாளாக அவர் கேட்டதிலேயே பயங்கரமான வாக்கியம் அதுதான்.

வியாழக்கிழமை அலுவலக ஸ்டோரிலிருந்து ஓர் அலை அளக்கும் கருவியை வாங்கி வந்தார். ஹாலில் நின்று போட்டதுமே முள் எகிறியது. திரையைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"நான் சொல்லல? நாப்பது கருவி! இங்க பாரும்மா, அசப்புல என் சந்தை மாதிரியே இருக்கு. நான் மனசுல நினைச்சு உண்டாக்கின இரைச்சலை நிஜ உலகம் அப்படியே பண்ணிட்டிருக்கு. என் பெட்டி எவ்வளவு துல்லியம்னு இப்ப தெரியுதா?"

"அப்பா பெட்டி கட்டிட்டிருக்கார்ங்க" என்றாள் மனைவி.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார்.

"உங்க வீட்டுலதான் டாக்டர், இரைச்சல் ஜாஸ்தி."

"என் வீட்ல இருக்கிறது துணி துவைக்கிற மெஷின் ஒண்ணுதான்" என்றார் டாக்டர். தோளில் பிளாஸ்திரி இருந்தது.

"கார் சாவி?"

"அது கீழ கார் நிறுத்துற இடத்துல எப்பவும் நல்லாத்தான் வேலை செய்யுது." நிரூபித்துக் காட்ட அவரைக் கூட்டிக்கொண்டு கீழே போனார். கார் திறக்கவில்லை. டாக்டர் நாலு தரம் சுற்றி வந்தார். பிறகு சமரசத்தை நிமிர்ந்து பார்த்தார். "உங்க வீட்டு நோய் என் காருக்கும் தொத்திக்கிச்சு சார்."

"உங்க வீட்டுலதான் டீச்சர், ஜாஸ்தி" என்றார் மேல்வீட்டில். ஆள் நடமாட்டம் பார்த்துத் தானே எரிகிற விளக்குகள் டீச்சர் வீட்டில் இருந்தன. சமரசம் உள்ளே வந்ததும் அவை மொத்தமாக அணைந்தன. பாடிக்கொண்டிருந்த மாணவிகள் இருட்டில் சுருதியை விட்டுவிட்டார்கள்.

படிக்கட்டில் ஜாஸ்தி. தண்ணீர்த் தொட்டியருகே ஜாஸ்தி. ஆளே இல்லாத மொட்டை மாடியில், கொடியில் காய்ந்த போர்வைக்குப் பக்கத்திலும் அதே அளவு ஜாஸ்தி. 'கட்டடம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கிறது' என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டார். இவ்வளவு சீரான இரைச்சலை அவர் தொழிலில் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டச் சொன்னார். கூட்ட அறையில் நின்று, மேசைமேல் பையை வைத்துக்கொண்டு, தம் திட்டத்தை விளக்கினார். கீழ்த்தளத்தார் பூட்டு, கார், விளக்கு எல்லாம் ஒரு தடத்தில் போக வேண்டும். நடுத்தளத்தார் இன்னொரு தடம். மேல்தளத்தார் முறை வைத்துப் பேச வேண்டும். வீட்டுக்கு வீடு ஒரு சங்கேதம். யாரும் யாரையும் மிதிக்க வேண்டியதில்லை.

"எங்க ஆபீஸ்ல ஜென்ம விரோதிங்க மாதிரி இருந்த ரெண்டு கம்பெனிக் கருவிகளை ஒண்ணா உட்காரவெச்சிருக்கேன். சந்தை நடுவுல! இன்னிக்குத்தான் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். நாளைக்கு அந்த ரெண்டு கம்பெனி முதலாளிங்களும் வந்து கைகுலுக்கப் போறாங்க. அங்க முடிஞ்சது இங்க ஏன் முடியாது?"

சங்கச் செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், இந்தக் கட்டடத்துல உங்களத் தவிர யாருக்கும் பிரச்சினையே இல்லையே."

"என் காருக்கு இருக்கு" என்றார் டாக்டர். "இவர் வந்து பாத்ததுக்கப்புறம்."

"என் விளக்குக்கும்" என்றார் டீச்சர். "இவர் வந்து பாத்ததுக்கப்புறம்."

சிரிப்பு கிளம்பியது. யாரோ, "சார் எங்க வீட்டுப் பக்கம் வராம இருந்தாப் போதும்" என்றார். நாற்பது கம்பெனிக்காரர்களை உட்காரவைத்துப் பேசியவருக்கு முகம் சுண்டிவிட்டது.

கடைசி வரிசையிலிருந்து மாமனார் எழுந்தார். மைக் இல்லாமலே குரல் அறையை நிறைத்தது.

"எல்லாரும் கவனிக்கவும். என் மாப்பிள்ளை ஓடறதும் ஆடறதும் ஊருக்காக இல்ல, எனக்காக. நான் விழுந்தா யாராவது ஓடிவரணுமேன்னு ஒரு கருவி மாட்டினார். அதுக்குத்தான் இத்தனை பாடு. சிரிக்கறவங்க சிரிக்கலாம். எனக்குப் பெத்த பையன் இல்ல. இருந்திருந்தாலும் இவ்வளவு பண்ணியிருப்பானான்னு தெரியாது."

மாமா இனி போகமாட்டார் என்று சமரசம் ஒரு கணம் நினைத்தார்.

"அதனாலதான் நாளைக்கு நான் கிளம்பறேன்" என்று மாமனார் முடித்தார். "நான் போனா கருவி வேண்டாம். கருவி இல்லைன்னா இவருக்கு இந்த அவமானமும் வேண்டாம்."

சனிக்கிழமை காலை பெட்டி ஹாலில் தயாராக நின்றது. மனைவி சொன்னபடியே ஒன்றும் சொல்லாமல் காபி கொடுத்தாள். மாமனாரை வண்டியேற்றிவிட்டு, அப்படியே அலுவலகம் போய் முதலாளிகள் கைகுலுக்குவதைப் பார்க்க வேண்டும் என்பது சமரசத்தின் ஏற்பாடு. அந்த விழாவில் அவருக்குத் துளியும் மனசில்லை. ஒரு தோளில் பை, ஒரு கையில் மாமனாரின் பெட்டி. வாசல்வரை போனவர் நின்றுவிட்டார்.

"போகாதீங்க மாமா."

மாமனார் அவரைப் பார்த்தார்.

"பூட்டைக் கழட்டி எறிஞ்சிடறேன். உங்க கருவியையும் கழட்டிடறேன். உங்க அறைக்கு வெளிய ராத்திரி நானே பாய் போட்டுப் படுத்துக்கறேன். இந்த வீட்ல உங்க சத்தம் இல்லைன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

மாமனார் ஏதோ சொல்ல வந்தார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவருக்குக் குரல் எழும்பவில்லை. மகள் காபித் தட்டோடு அப்படியே நின்றாள்.

அந்த நேரத்தில் சமரசத்தின் போன் அடித்தது. அலுவலக ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. விழாவுக்கு நேரமாகிறது என்று கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று, பெட்டியைக் கீழே வைக்காமலே ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்கக்கா."

"ஒண்ணும் அவசரமில்ல சார். முதலாளிங்க ரெண்டு பேரும் வந்துட்டாங்க, சோதனை அறையச் சுத்திப் பாக்கணுங்கறாங்க. அலமாரியெல்லாம் துடைச்சு வெச்சிட்டிருக்கேன். ஒரே ஒரு சாமான் மட்டும் இடத்துல இல்ல, அதான் கேக்கலாம்னு."

"என்ன சாமான்?"

"மூடிக்குத் திருகு போட்டுக் கொண்டாரேன்னு திங்கக்கிழமை சந்தைப் பெட்டிய எடுத்துட்டுப் போனீங்களே சார், வாரம் பூரா பசங்க அது இல்லாமலேதான் டெஸ்ட் ஓட்டினாங்க, அது பத்திரமா உங்க பையிலதானே ஓடிட்டிருக்கு?"